கம்பெனியை மூடிவிட்டார்கள், இருமல் நிற்கவில்லை

இந்த முறை முழுப் பக்கத்தையும் ஒரே விஷயத்துக்கு ஒதுக்கிவிட்டேன். தூசியில் வேலை பார்த்து நுரையீரல் கெட்டுப்போனவர்கள், அவர்களுடைய குடும்பத்தார், ஒரு பட்டறை முதலாளி என்று பலர் எழுதியிருக்கிறார்கள். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். பெயரும் ஊரும் போடவில்லை. எழுதியவர்கள் வெவ்வேறு நாடுகளில் இருப்பதால் எங்கும் பொருந்துகிற அடிப்படைகளைத்தான் சொல்கிறேன். எந்த அலுவலகத்தில் மனு கொடுப்பது, எந்தப் படிவம் என்பதை உங்கள் பக்கத்து வக்கீலிடமோ தொழிற்சங்கத்திடமோ கேட்டுக்கொள்ளுங்கள். நான் தொழிலாளர் வழக்கு நடத்துகிற வக்கீல், டாக்டர் இல்லை. ஆனால் மருத்துவ அறிக்கையைப் புரிந்துகொள்ளாமல் இந்த வழக்குகளில் வாதாட முடியாது. அதனால் மருத்துவமும் கொஞ்சம் வரும்.

கேள்வி: அப்பாவுக்கு 54 வயது. ஒரே பட்டறையில் 18 வருடம் கல் அறுத்து மெருகேற்றும் வேலை பார்த்தார். மூச்சு வாங்க ஆரம்பித்ததும் டி.பி. என்று சொல்லி இரண்டு முறை மாத்திரை கொடுத்தார்கள். சரியாகவில்லை. இப்போது சிடி ஸ்கேன் எடுத்த டாக்டர் சிலிக்கோசிஸ், அதாவது கல் தூசியால் வரும் நுரையீரல் நோய் என்கிறார். பட்டறையை மூடி நான்கு வருடம் ஆகிறது. "வேலை பார்த்தபோது நன்றாகத்தானே இருந்தார், சிகரெட்டும் பிடித்தார், இப்போது என்னிடம் வந்து கேட்டால் எப்படி?" என்கிறார் முதலாளி. இனிமேல் நஷ்டஈடு கேட்க முடியுமா?

பதில்: கேட்க முடியும் அம்மா. முதலாளி சொன்னதையே ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம். ஏனென்றால் நீங்கள் எங்கே போனாலும் எதிர்த்தரப்பு இதைத்தான் சொல்லப்போகிறது.

"வேலை பார்த்தபோது நன்றாக இருந்தார்." இருந்திருப்பார், இந்த நோய் அப்படித்தான் வரும். கல்லை அறுக்கும்போது கண்ணுக்குத் தெரிகிற தூசியில் பெரும்பகுதி மூக்கிலும் தொண்டையிலும் ஒட்டிச் சளியோடு வெளியே வந்துவிடுகிறது. ஆளைக் கொல்வது கண்ணுக்குத் தெரியாத தூசி. ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு மைக்ரான். கல்லிலும் மணலிலும் இருக்கிற பொருள் சிலிக்கா. நான்கைந்து மைக்ரானுக்கும் சிறிய சிலிக்கா துகள்கள் நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரை போய்விடும். அங்கே காவலுக்கு இருக்கிற செல்கள் அவற்றை விழுங்குகின்றன, கரைக்க முடியாமல் தாமே சாகின்றன. செத்த இடத்தில் தழும்பு விழுகிறது. வெளியே வந்த துகளை அடுத்த செல் விழுங்குகிறது, அதுவும் சாகிறது. அதனால்தான் வேலையை விட்ட பிறகும் நோய் வளர்ந்துகொண்டே போகிறது. பொதுவாக 10 வருடத்துக்கு மேல் தூசியில் இருந்தவர்களுக்கு வருகிறது. தூசி மிக அதிகமாக இருந்தால் 5 வருடத்திலேயே வரும். மூடிய இடத்தில் மணல் வீச்சு (காற்றழுத்தத்தால் மணலை வீசிச் சுத்தம் செய்வது) வேலை பார்த்தவர்களுக்குச் சில மாதங்களில்கூட வந்திருக்கிறது. பட்டறையை விட்டு வெளியே வந்து பல வருடம் கழித்து முதல் மூச்சுத்திணறல் வந்தால், "வேலைக்கும் நோய்க்கும் சம்பந்தமில்லை" என்று அதற்கு அர்த்தமே இல்லை.

டி.பி. விஷயத்தைக் கவனமாகக் கையாளுங்கள். சிலிக்கா துகள்கள் காவல் செல்களைக் கொல்வதால் சிலிக்கோசிஸ் உள்ளவர்களுக்கு டி.பி. எளிதில் தொற்றும். எக்ஸ்ரேயில் இரண்டும் ஒன்றைப்போல இன்னொன்று தெரிவதும் உண்டு. ஆகவே அப்பாவுக்கு உண்மையிலேயே டி.பி.யும் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். அப்போது சளியைச் சோதித்தார்களா, கிருமி இருந்ததா என்ற பழைய சீட்டுகளைத் தேடி எடுங்கள். கிருமியே தெரியாமல் இரண்டு முறை மருந்து கொடுத்திருந்தால், அந்தச் சீட்டே உங்களுக்குச் சாட்சி. 1700-இல் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி, நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்விகளோடு "என்ன வேலை செய்கிறாய்?" என்பதையும் சேர்க்கச் சொன்னார். இன்றும் பல ஆஸ்பத்திரிகளில் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. நான் பார்த்த கேஸ் ஷீட்டுகளில் தொழில் என்ற கட்டத்தில் "கூலி" என்று ஒரே சொல்தான் பெரும்பாலும் இருக்கிறது. என்ன கூலி, கல்லா, மண்ணா, பஞ்சா என்று யாரும் எழுதுவதில்லை. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது "18 வருடம் கல் அறுக்கும் வேலை" என்பதைக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். இதைக் கூச்சப்படாமல் கேளுங்கள்.

சிகரெட் சிலிக்கோசிஸைக் கொண்டுவராது. மூச்சுக்குழாயைக் கெடுக்கும், புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும். ஆனால் நுரையீரலின் மேல்பாகத்தில் சிறு சிறு உருண்டை முடிச்சுகளாகத் தெரிகிற தழும்பு சிகரெட்டால் வருவதில்லை. எக்ஸ்ரேயைப் படிக்க சர்வதேச தொழிலாளர் அமைப்பு ஒரு தரவரிசை வைத்திருக்கிறது. அந்த முறையில் படிக்கத் தெரிந்த டாக்டரிடம் எழுத்தில் கருத்து வாங்குங்கள். மூச்சுத்திறன் குறைந்ததில் சிகரெட்டின் பங்கு இவ்வளவு என்று எதிர்த்தரப்பு வாதாடலாம், தொகை கொஞ்சம் குறையலாம். முதலாளியின் பொறுப்பு அதனால் மறைந்துவிடாது.

சரி, எந்த வழியில் கேட்பது? பெரும்பாலான நாடுகளில் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, தொழில்நோய் நஷ்டஈட்டுச் சட்டம் அல்லது சமூகக் காப்பீடு. இதில் முதலாளி தவறு செய்தார் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. சட்டத்தின் பட்டியலில் நோய் இருக்க வேண்டும், அந்த நோயைத் தரும் வேலையைப் பார்த்திருக்க வேண்டும். வேலையால்தான் வந்தது என்று சட்டமே பெரும்பாலும் அனுமானித்துக்கொள்ளும். சிலிக்கோசிஸ் ஏறக்குறைய எல்லாப் பட்டியலிலும் உண்டு. தொகை அளவானதாக இருக்கும். இன்னொன்று, முதலாளியின் அலட்சியத்தால் வந்தது என்று சிவில் வழக்கு போடுவது. தொகை கூடுதலாகக் கிடைக்கலாம், ஆனால் நிரூபிக்கும் சுமை உங்களுடையது. சில நாடுகளில் முதல் வழியில் போனால் இரண்டாவது அடைபட்டுவிடும். ஆகவே எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இதை மட்டும் வக்கீலிடம் கேட்டுவிடுங்கள்.

காலக்கெடுதான் உங்கள் பெரிய பயம் என்று தெரிகிறது. பிரிட்டனில் 1963-இல் ஒரு தீர்ப்பு வந்தது. இரும்பு வார்ப்புகளைச் சுத்தம் செய்த தொழிலாளர்களுக்குத் தூசியால் நுரையீரல் கெட்டது. கேடு உள்ளே தொடங்கியபோதே காலக்கெடுவும் தொடங்கிவிட்டது, அவர்களுக்கு அது தெரிய வழியே இல்லாவிட்டாலும் சரி என்று அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை சொன்னது. நோய் இருப்பது தெரிவதற்கு முன்பே வழக்குப் போடும் உரிமை போய்விட்டது! தீர்ப்பைச் சொன்ன நீதிபதிகளுக்கே அது அநியாயமாகப் பட்டது. அதே வருடம் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. இன்று அங்கே நோய் இருப்பதும் அது வேலையால் வந்தது என்பதும் தெரிந்த நாளிலிருந்து 3 வருடம் எண்ணுகிறார்கள். வேறு பல நாடுகளும் இதே வழியில் வந்திருக்கின்றன, வருடக் கணக்குதான் மாறும். ஆகவே உங்கள் வழக்கில் பட்டறை மூடிய தேதியைவிட முக்கியமானது, "சிலிக்கோசிஸ்" என்று டாக்டர் முதன்முதலாக எழுதிய தேதி. அந்த அறிக்கையைப் பத்திரமாக வையுங்கள், கடிகாரம் அன்றைக்கே ஓடத் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொண்டு வேலையைப் பாருங்கள். தள்ளிப்போடாதீர்கள்.

பட்டறை மூடியதால் என்ன ஆகும்? அது தனிநபர் தொழிலாகவோ கூட்டுத் தொழிலாகவோ இருந்தால் ஷட்டரை இறக்கியதால் பொறுப்பு தீராது, அந்த ஆள் பொறுப்பாகவே இருக்கிறார். பதிவு பெற்ற கம்பெனியாக இருந்து கலைக்கப்பட்டிருந்தால், அப்பா வேலை பார்த்த வருடங்களில் அதற்குக் காப்பீடு இருந்ததா என்று தேட வேண்டும். பிரிட்டனில் 1972-லிருந்து முதலாளிகள் பொறுப்புக் காப்பீடு எடுப்பது கட்டாயம், பழைய காப்பீட்டு நிறுவனத்தைத் தேடிப் பிடித்துப் பணம் வாங்குகிறார்கள். தாய்க் கம்பெனி இருந்தால் அதையும் பாருங்கள். ஆஸ்பெஸ்டாஸ் (கூரைத் தகடுகளில் கலக்கிற இழைக் கனிமம்) தூசியில் 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வேலை பார்த்த ஒருவருக்கு 2007-இல் நோய் தெரிந்தது. அவர் வேலை பார்த்த கம்பெனியே இல்லை. ஆனால் அங்கே பாதுகாப்பு எப்படி இருந்தது என்று தாய்க் கம்பெனிக்கு நன்றாகத் தெரியும், அதனால் அதுவே பொறுப்பு என்று 2012-இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. யாருமே கிடைக்காத நிலைமைக்கு நிதியம் வைத்திருக்கிற நாடுகளும் உண்டு. ஆஸ்பெஸ்டாஸ் நோயாளிகளுக்கு பிரான்ஸ் அப்படித்தான் கொடுக்கிறது.

இன்று இரவே ஒரு வேலை செய்யுங்கள். அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து அவருடைய வேலை வரலாற்றை எழுதுங்கள். எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, எந்தக் கல், எந்த மெஷின், தண்ணீர் விட்டு அறுத்தார்களா அல்லது உலர்வாகவா, ஜன்னல் இருந்ததா, சாப்பாடு எங்கே சாப்பிட்டார், தரையை எப்படிக் கூட்டினார்கள், பக்கத்தில் நின்றவர்கள் யார், அவர்களில் யாருக்கு இருமல். அவர் பேச முடிகிறபோதே இதைச் செய்யுங்கள். மூச்சு குறைந்தால் பேச்சு குறையும், அப்புறம் கேட்க ஆள் இருக்கமாட்டார்கள். கடுமையாகச் சொல்கிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். இதைத் தாமதித்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: உலோகத்தை உருக்கி வார்க்கிற மூன்று ஃபவுண்டரிகளில் வேலை பார்த்தேன். இப்போது சிலிக்கோசிஸ். நோய்க்கு மற்ற இரண்டும்தான் காரணம் என்று மூன்று பேரும் சொல்கிறார்கள். எதில் வந்தது என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை. வழக்கு நிற்குமா?

பதில்: நிற்கும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. இந்தக் கேள்வி ஒரு பெரிய சட்டத்தையே உருவாக்கியிருக்கிறது, அந்தக் கதையைச் சொல்கிறேன்.

1956-இல் அதே பிரபுக்கள் சபைக்கு ஸ்காட்லாந்திலிருந்து ஒரு வழக்கு போனது. ஒரு தொழிலாளி எட்டு வருடம் ஃபவுண்டரியில் வார்ப்புகளைச் சுத்தம் செய்தார். அங்கே தூசி இரண்டு இடத்திலிருந்து வந்தது. காற்றழுத்தச் சுத்தியலிலிருந்து வந்ததுதான் அதிகம். அதைத் தடுக்க அன்றைக்கு வழி தெரியாது, ஆகவே முதலாளியைக் குற்றம் சொல்ல முடியாது. ஊசல் கிரைண்டர்களிலிருந்தும் கொஞ்சம் வந்தது. அவற்றுக்குத் தூசி உறிஞ்சும் குழாய் இருந்தது, அதை அடைப்பில்லாமல் வைக்க வேண்டும் என்று விதியும் இருந்தது, முதலாளி வைக்கவில்லை. நுரையீரலுக்குள் போன தூசியில் எது எங்கிருந்து வந்தது என்று யாரால் பிரிக்க முடியும்? பிரிக்க வேண்டியதில்லை என்றது நீதிமன்றம். முதலாளியின் தவறால் வந்த தூசி நோய்க்குக் கணிசமாகப் பங்களித்தது என்று காட்டினால் போதும், அதுவே முக்கியக் காரணமாக இருக்க வேண்டும் என்றில்லை. இன்றும் தூசி வழக்குகளில் மேற்கோள் காட்டப்படுகிற தீர்ப்பு இது.

2002-இல் ஆஸ்பெஸ்டாஸ் வழக்கில் இன்னும் ஒரு படி போனார்கள். மீசோதெலியோமா என்ற புற்றுநோய் எந்தக் கம்பெனியில் சுவாசித்த இழையால் தொடங்கியது என்று விஞ்ஞானத்தால் சொல்ல முடியாது. ஒவ்வொரு முதலாளியும் "நான் இல்லை, அவன்" என்று சொல்லித் தப்பினால் நோயாளி வெறுங்கையோடு நிற்பார். எனவே ஆபத்தைக் கணிசமாகக் கூட்டிய ஒவ்வொருவரும் பொறுப்பு என்று தீர்ப்பானது. 2006-இல் அதே நீதிமன்றம், அவரவர் பங்கை மட்டும் அவரவர் கொடுத்தால் போதும் என்றது. அதே வருடம் நாடாளுமன்றம் சட்டம் போட்டு, மீசோதெலியோமாவில் யாரிடம் வேண்டுமானாலும் முழுத்தொகையையும் கேட்கலாம் என்று ஆக்கியது.

உங்கள் நோய் சிலிக்கோசிஸ். அது தூசியின் அளவு கூடக்கூடக் கடுமையாகிற நோய். ஆகவே எத்தனை வருடம் எங்கே இருந்தீர்கள் என்று பார்த்து மூவருக்கும் பங்கு போடலாம். மூவரையும் எதிர்த்தரப்பில் சேருங்கள். ஒருவரை விட்டுவிட்டால் மற்ற இருவரும் விட்டுப்போனவர் தலையில் பழியைப் போடுவார்கள்.

கேள்வி: சமையலறை மேடைக்கான செயற்கைக் கல் அறுக்கும் சிறு பட்டறை வைத்திருக்கிறேன். ஒன்பது பேர் வேலை பார்க்கிறார்கள். எல்லோருக்கும் மாஸ்க் வாங்கிக் கொடுத்துவிட்டேன். அவர்கள் போடுவதில்லை. "எனக்கு வேண்டாம்" என்று எழுதி வாங்கிக்கொண்டால் என் பொறுப்பு தீருமா?

பதில்: தீராது. நீங்கள் மனசாட்சியோடு கேட்டிருக்கிறீர்கள் என்று நம்பி நேராகச் சொல்கிறேன்.

முதலாளி தொழிலாளிக்குச் செய்ய வேண்டியது என்ன என்று 1937-இல் பிரிட்டனில் ஒரு நிலக்கரிச் சுரங்க வழக்கில் தீர்மானமானது. திறமையான ஆட்கள், தகுந்த சாதனம், பாதுகாப்பான வேலை முறை, மேற்பார்வை. இவற்றை வேறு ஆளிடம் ஒப்படைத்துவிட்டு "நான் சொல்லிவிட்டேன்" என்று விலக முடியாது. பாதுகாப்பான முறை என்பதில் தூசி கிளம்பாமல் பார்ப்பதுதான் முதலில் வரும், கிளம்பினதை உறிஞ்சி எடுப்பது அடுத்தது. மாஸ்க் கடைசியில்தான் வரும். நீங்கள் கடைசியில் தொடங்கியிருக்கிறீர்கள். அந்த மாஸ்க்கும் துணியாக இருந்தால் இந்தத் தூசிக்கு அது தடையே இல்லை. வடிகட்டும் மாஸ்க்காக இருந்தாலும் முகத்தோடு இடைவெளியில்லாமல் பொருந்துகிறதா என்று ஒவ்வொருவருக்கும் சோதிக்க வேண்டும். தாடி இருந்தால் பொருந்தாது. புழுக்கத்தில் எட்டு மணி நேரம் அதைப் போட்டுக்கொண்டு யாரும் வேலை செய்ய முடியாது. போடாதது அவர்களுடைய பிடிவாதம் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளாது, உங்கள் முறை சரியில்லை என்றுதான் எடுத்துக்கொள்ளும். எழுதி வாங்குகிற சீட்டு இன்னும் மோசம். ஆபத்து உங்களுக்கு முன்பே தெரியும் என்பதற்கு நீங்களே தயாரித்துக் கொடுக்கிற ஆதாரம் அது.

நீங்கள் அறுக்கிற பொருளைப் பற்றி ஒரு விஷயம். சலவைக்கல்லில் சிலிக்கா மிகக் குறைவு. கிரானைட்டில் மூன்றில் ஒரு பங்கு அளவில் இருக்கும். செயற்கைக் கல்லில் 90 சதவீதத்துக்கும் மேல் இருப்பது உண்டு. அதை உலர்வாக அறுத்த இளைஞர்களுக்கு, முப்பதைத் தாண்டுவதற்குள்ளேயே சிலிக்கோசிஸ் வந்ததைப் பல நாடுகளில் பார்த்துவிட்டார்கள். ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் செயற்கைக் கல்லையே தடை செய்துவிட்டது, உலகத்தில் அதுதான் முதல் நாடு. உங்கள் நாட்டில் தடை இல்லாமல் இருக்கலாம். ஆனால் "இவ்வளவு ஆபத்தானது என்று எனக்குத் தெரியாது" என்று இனி எந்த முதலாளியும் சொல்ல முடியாது. பொறுப்பைத் தீர்மானிக்கிற கேள்வி, உங்களுக்குத் தெரிந்ததா என்பதோடு, தெரிந்திருக்க வேண்டுமா என்பதையும் சேர்த்ததுதான்.

அமெரிக்காவில் 2016-இல் போட்ட விதிப்படி ஒரு கனமீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம் சிலிக்காவுக்கு மேல் இருக்கக்கூடாது, எட்டு மணி நேர சராசரியாக. கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோகிராம். கண்ணால் பார்த்து "இன்று தூசி குறைவு" என்று சொல்ல முடியாத அளவு அது. அதனால் அளந்துதான் ஆக வேண்டும். நாளைக்கே செய்யக்கூடியது இது: வெட்டும் இடத்தில் தொடர்ந்து தண்ணீர் விழுகிற மெஷினை மட்டும் பயன்படுத்துங்கள். உலர்ந்த துடைப்பத்தை வெளியே போடுங்கள். உடம்பிலும் மேஜையிலும் உள்ள தூசியைக் காற்றுக்குழாயால் ஊதுவதை இன்றோடு நிறுத்துங்கள், அதுதான் மிகப் பெரிய கொடுமை. தண்ணீரோடு வழிந்த சேறு காய்ந்து பறக்கும் முன் அள்ளுங்கள். தூசி உறிஞ்சும் அமைப்பை வைத்து, அதன் வடிகட்டியை யார் எப்போது மாற்றினார் என்று நோட்டில் எழுதுங்கள். முன்பு சொன்ன ஸ்காட்லாந்து வழக்கில் முதலாளி தோற்றது குழாய் இல்லாததால் இல்லை, இருந்த குழாயில் அடைப்பு இருந்ததால்.

செலவு? பாதுகாப்பு ஏற்பாட்டுக்காகத் தொழிலாளியிடம் ஒரு பைசாகூட வாங்கக்கூடாது என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1981 உடன்படிக்கை சொல்கிறது. மாஸ்க் பணத்தைச் சம்பளத்தில் பிடிக்கிற முதலாளிகளும் இருக்கிறார்கள் என்பதால் சொல்கிறேன். உங்கள் ஒன்பது பேருக்கும் இப்போதே எக்ஸ்ரேயும் ஊதிப் பார்க்கும் மூச்சுத்திறன் சோதனையும் எடுங்கள். அறிக்கையின் நகலை அவர்கள் கையில் கொடுங்கள். யாருக்காவது ஆரம்பம் தெரிந்தால் வேலையை விட்டு நிறுத்தாதீர்கள், தூசியில்லாத வேலைக்கு மாற்றி அதே சம்பளம் கொடுங்கள். நிறுத்திவிடுவார்கள் என்ற பயம் வந்தால் மற்ற எட்டுப் பேரும் இருமலை மறைப்பார்கள்.

கேள்வி: கான்ட்ராக்டர் மூலம் வேலைக்குப் போனேன். தினக்கூலி, கையில் காசு. அடையாள அட்டையோ சம்பளச் சீட்டோ எதுவும் கிடையாது. நான் அங்கே வேலையே பார்க்கவில்லை என்கிறார்கள்.

பதில்: தம்பி, தூசி நோய்க்காரர்களில் மிகப் பெரிய கூட்டம் உங்களுடையதுதான். உலகத்தின் மிகக் கொடிய சிலிக்கோசிஸ் சம்பவங்களில் ஒன்று இப்படி வந்து போன ஆட்களிடம்தான் நடந்தது. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் 1930-இல் ஆற்றைத் திருப்ப ஒரு மலையைக் குடைந்தார்கள். பாறை ஏறக்குறைய முழுக்க சிலிக்கா. ஈரமாகத் துளைத்தால் தாமதம் என்று உலர்வாகத் துளைத்தார்கள். வேலை தேடி வெளியூரிலிருந்து வந்த கறுப்பினத் தொழிலாளர்கள்தான் பெரும்பாலும் உள்ளே. மேலதிகாரிகள் சுரங்கத்துக்குள் வரும்போது முகமூடி போட்டுக்கொண்டு வந்தார்கள் என்று சாட்சிகள் சொன்னார்கள். 1936-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரித்தது. அங்கே உள்ள நினைவுப் பலகை 476 பேர் இறந்ததாகச் சொல்கிறது. பின்னாளில் ஆராய்ந்தவர்கள் எழுநூறுக்கும் மேல் என்கிறார்கள். துல்லியமாகத் தெரியாததற்குக் காரணம், இருமத் தொடங்கியவர்கள் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள், யார் பெயரையும் யாரும் பின்தொடரவில்லை.

உங்கள் பெயர் அவர்கள் ரிஜிஸ்டரில் இல்லாவிட்டால் வேறு இடத்தில் இருக்கும். செக்யூரிட்டி கேட்டில் எழுதிய நோட்டு, கான்ட்ராக்டர் அனுப்பிய போன் மெசேஜ், நீங்கள் வேலை இடத்தில் எடுத்த போட்டோ, அந்த முகவரி போட்டு வந்த கடிதம், பக்கத்து டீக்கடைக்காரர், கூட வேலை பார்த்தவர்கள். கூட வேலை பார்த்தவர்களில் நான்கு பேர் ஒரே இடத்தையும் ஒரே மேஸ்திரியையும் தனித்தனியாகச் சொன்னால் எந்த நீதிபதியும் அதை லேசில் தள்ளமாட்டார். அவர்களுக்கும் நோய் இருந்தால் சேர்ந்தே மனுப் போடுங்கள்.

கான்ட்ராக்டர் மட்டும்தான் பொறுப்பா? யாருடைய இடம், யாருடைய மெஷின், எப்படிச் செய்வது என்று சொன்னது யாருடைய சூப்பர்வைசர் என்று பாருங்கள். தூசியைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் யார் கையில் இருந்ததோ, பொறுப்பும் அவரைத் தொடும். பல நாட்டுச் சட்டங்களில் பெரிய கம்பெனி முதலில் கொடுத்துவிட்டுக் கான்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும்.

இந்தியாவில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு தகவல். 1995-இல் உச்ச நீதிமன்றம் ஆஸ்பெஸ்டாஸ் வழக்கில், தொழிலாளியின் ஆரோக்கியம் வாழும் உரிமையின் பகுதி என்று சொன்னது. அந்தத் தொழில்களில் ஒவ்வொரு தொழிலாளியின் மருத்துவப் பதிவையும் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து 40 வருடம், அல்லது வேலையை விட்டதிலிருந்து 15 வருடம், இதில் எது பின்னால் வருகிறதோ அதுவரை வைத்திருக்க உத்தரவிட்டது. ஆஸ்பெஸ்டாஸில் இருந்தவர்கள் அதைக் கேட்டு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். இல்லை என்று பதில் வந்தால் அதையும் எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: நான் எந்தத் தொழிற்சாலைக்கும் போனதில்லை. கணவருடைய வேலைச் சட்டையை உதறித் துவைத்தேன், அவ்வளவுதான். அவர் ஆஸ்பெஸ்டாஸ் தொழிற்சாலையில் இருந்தார். இப்போது எனக்கு மீசோதெலியோமா என்கிறார்கள்.

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். நீங்கள் செய்தது தவறே இல்லை. சட்டையை வீட்டுக்கு அனுப்பியவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். வேலை இடத்திலேயே குளித்து உடை மாற்றி, அங்கேயே துவைக்க ஏற்பாடு செய்திருக்க வேண்டியது அவர்கள்.

தொழிலாளிகளின் வீட்டாருக்கும் இந்த நோய் வருகிறது என்று லண்டனில் 1965-இல் வெளியான ஆய்வு காட்டியது. பிரிட்டனில் அந்த வருடத்தைத்தான் கோடாக வைக்கிறார்கள். அதற்குப் பிறகு குடும்பத்துக்கு வரும் ஆபத்து தெரியாது என்று முதலாளி சொல்ல முடியாது. லீட்ஸ் நகரில் ஆஸ்பெஸ்டாஸ் ஆலையின் வாசலில் சிறுவயதில் விளையாடியவர்களுக்கு நோய் வந்தபோது, ஆலைக்குப் பொறுப்பு உண்டு என்று 1996-இல் தீர்ப்பானது. எல்லா நாட்டு நீதிமன்றங்களும் இவ்வளவு தூரம் வரவில்லை. ஆனாலும் உங்கள் கணவர் எந்த வருடங்களில் அங்கே இருந்தார் என்பதைக் கொண்டு வக்கீலைப் பாருங்கள். இந்த நோயில் நாட்கள் முக்கியம், இந்த வாரமே போங்கள். நடக்க முடியாவிட்டால் வாக்குமூலத்தை வீட்டுக்கே வந்து பதிவு செய்யக் கேட்கலாம்.

கேள்வி: கம்பெனி ஆள் அனுப்பி ஒரு தொகை தருவதாகச் சொல்கிறது. "இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்" என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். வீட்டில் கஷ்டம். வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: இன்றைக்கு வேண்டாம். அந்தக் காகிதத்தின் நகலை மட்டும் வாங்கி வையுங்கள்.

தென்னாப்பிரிக்காவில் 16 வருடம் தங்கச் சுரங்கத்தின் அடியில் வேலை பார்த்த ஒருவருக்கு நஷ்டஈட்டுச் சட்டப்படி கிடைத்தது 16,320 ராண்ட். அவ்வளவோடு முடிந்தது, மேற்கொண்டு வழக்குப் போட முடியாது என்றது கம்பெனி, கீழ் நீதிமன்றங்களும் ஒத்துக்கொண்டன. அவர் விடவில்லை. சுரங்கத் தொழிலாளியின் வழக்கை அந்தச் சட்டம் தடுக்கவில்லை என்று 2011-இல் அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதைக் கேட்க அவர் உயிரோடு இல்லை. அந்தத் தீர்ப்பு திறந்துவிட்ட வழியில் மற்ற சுரங்கத் தொழிலாளர்கள் கூட்டு வழக்குப் போட்டார்கள். 2018-இல் ஆறு சுரங்க நிறுவனங்கள் சுமார் 500 கோடி ராண்ட் கொடுக்க ஒத்துக்கொண்டன, அடுத்த வருடம் நீதிமன்றம் அதை ஏற்றது.

உங்கள் நோய் இன்றைக்கு இருக்கிற நிலையிலேயே நிற்காது. இப்போது மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பிறகு ஆக்ஸிஜன் தேவைப்படலாம், டி.பி. வரலாம், நுரையீரல் புற்றுநோயும் வரலாம். சிலிக்கா தூசி மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1997-லேயே உறுதியாக வகைப்படுத்திவிட்டது. இன்றைய இருமலுக்கு ஒரு தொகை வாங்கிக்கொண்டு நாளைய புற்றுநோய்க்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். பிரிட்டன் போன்ற சில நாடுகளில் இப்போதைக்கு ஒரு தொகை, நோய் முற்றினால் மறுபடியும் கேட்கும் உரிமை என்று நீதிமன்றமே தீர்ப்பளிக்க முடியும். உங்கள் நாட்டில் அது உண்டா என்று கேளுங்கள். இல்லாவிட்டால், ஒப்பந்தத்தில் "தற்போது கண்டறியப்பட்ட நோய்க்கு மட்டும்" என்ற வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். சேர்க்க மறுத்தால் எதற்காகக் கொடுக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

அவசரச் செலவுக்குப் பணம் வேண்டுமென்றால், உரிமையைப் பாதிக்காத முன்பணம் என்று எழுதி வாங்கலாம். நல்ல வக்கீல் ஒரு பக்கத்தில் அதை எழுதிக் கொடுத்துவிடுவார். பேச்சுக்கு வருகிற ஆளிடம் தனியாக உட்காராதீர்கள், கூட வேலை பார்த்தவர்களில் இன்னும் யாரிடம் எல்லாம் இதே காகிதத்தைக் காட்டியிருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் இருந்தால் சேர்ந்து ஒரே வக்கீலிடம் போங்கள், தனித்தனியாகப் பேசுவதைவிட அதில் கூடுதலாகக் கிடைக்க வாய்ப்பு உண்டு. கடிதத்தில் கம்பெனி கொடுத்த கெடு அடுத்த மாதம் 10-ஆம் தேதி என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கெடு அவர்களே வைத்தது, சட்டம் வைத்ததில்லை.